கை வைத்தவர்

எண்ணூர் உப்புக் கம்பெனியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாள், பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு மனிதர் ஆபீசுக்குள் வந்தார். வணக்கம் சொல்லவில்லை. என் மேசைமேல் இருந்த டீ கிளாஸைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆறிப் பூட்ச்சு ரைட்டர் சார். வேற சொல்லட்டா?” என்றார். அடுத்தவன் கிளாஸைத் தொடுகிற இது என்ன பழக்கம் என்று எனக்கு முகம் சுளித்துப்போயிற்று. வேண்டாம் என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஜன்னல் கட்டையைத் தொட்டார், சுவரைத் தொட்டார், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “பின்னங்கால் ஆடுது. சாஞ்சு ஒக்காராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் நான் சாய்ந்து உட்கார்ந்து கீழே விழுந்தேன்.

அவர்தான் மேஸ்திரி. கம்பெனியின் வண்டிகளுக்கும் பம்புகளுக்கும் அவர் ஒருவர்தான் ஃபிட்டர். அவருக்கு ஒரு பெயர் உண்டு. ராயபுரத்துக் கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்த நல்ல நீளமான பெயர். அதை இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

குட்டையான ஆள். காக்கி அரை நிஜார், கழுத்தில் எண்ணெயேறிக் கறுத்துப்போன மாதா உத்தரியக் கயிறு, காதில் சொருகிய பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதத் தெரியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. போல்ட் உட்காரவேண்டிய இடத்தைக் குறிக்க மட்டும் அதை எடுப்பார். தினமும் காலையில் ராயபுரத்தில் ரயிலேறி வருவார். ரயில் பெட்டியில் உட்காருவதற்கு முன்னாலும் பெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார் என்று கூட வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

தொட்டுப் பார்க்காமல் அவருக்கு எதுவும் நிச்சயமில்லை. மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்கமாட்டார். உப்பு மூட்டைமேல் உள்ளங்கையை வைப்பார். “நசநசன்னு கீது. சாயங்காலம் வரும்” என்பார். பெரும்பாலும் வரும். வராவிட்டால் வெட்கப்படவும் மாட்டார். “அப்ப மூட்டைய சரியா தொடல” என்பார். கை தப்பாகச் சொல்லாது, வைத்தவன்தான் தப்பாக வைத்திருப்பான் என்பது அவருடைய கட்சி.

சூட்டுக்கு அவரிடம் தனி அளவு இருந்தது. இஞ்சின்மேலோ கியர் பெட்டிமேலோ உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, கண்ணை மூடி, பிரியதத்தம் சொல்ல ஆரம்பிப்பார். கத்தோலிக்கர்கள் மாதாவைப் பார்த்துச் சொல்கிற சின்ன ஜெபத்துக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். ஜெபம் முடிகிறவரை கை தாங்கினால் வண்டிக்கு ஒன்றுமில்லை. பாதியில் கையை எடுக்கவேண்டி வந்தால் கொஞ்சம் ஆறவிட்டு ஓட்ட வேண்டும். முதல் வார்த்தையிலேயே சுட்டுவிட்டால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். டிரைவர்களும் இந்த அளவிலேயே பேசப் பழகியிருந்தார்கள். “தண்டையார்பேட்ட தாண்டசொல்ல அரைப் பிரியதத்தம்தான் மேஸ்திரி தாங்குச்சு” என்று ஒரு சாயபு டிரைவர் வெகு சகஜமாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

எனக்கு இது பெரிய வேடிக்கை. நான் திருநெல்வேலிப் பக்கம், மிஷன் பள்ளியில் படித்தவன். எங்கள் சபையில் மாதாவுக்கு ஜெபம் கிடையாது. கியர் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு கிடையவே கிடையாது. திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்த மாமா வீட்டில் தங்கியிருந்தேன். வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கென்று இருந்தது இங்கிலீஷ் மட்டும்தான். அதைத் தலையில் கிரீடம் மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

“என்ன மேஸ்திரி, மாதா தெர்மாமீட்டர் என்ன சொல்லுது?” என்று கேட்பேன்.

“முய்சும் தாங்குச்சு சார். நீங்க வேணா வந்து கை வெச்சுப் பாருங்க.”

“எனக்குத்தான் அந்த ஜெபம் தெரியாதே.”

“ஒங்க ஜெபம் எதுனா சொல்லுங்க. சூடு ரெண்டுக்கும் ஒண்ணுதான்” என்பார். அவருக்குக் கோபம் வராது. கோபம் வராதவர்களைக் கேலி செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு, அதை நான் நன்றாக அனுபவித்தேன்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் கண்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கிடந்தேன். ஷெட்டிலிருந்து எப்படித் தெரிந்து வந்தாரோ, நெற்றியில் கை வைத்தார். மண்ணெண்ணெய் வாடை. உதடு அசைந்தது. எனக்கும் பிரியதத்தம்தான். முடித்துவிட்டுக் கையை எடுத்து, “கொயந்த ஜொரம்தான். ஆனா வெயில்ல போவாதீங்க” என்று சொல்லி, வண்டியொன்றில் என்னை முன்னால் ஏற்றி, தானும் கூட வந்து மாமா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்கமாட்டேன்.

மானேஜர் வெள்ளைக்காரர். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியும் எல்லோருக்கும் அவர் துரைதான். யுத்தத்தில் எங்கோ பாலைவனத்தில் லாரிப் படையில் இருந்தவர். கெட்டவர் இல்லை, நேர்மையானவர், ஆனால் அளந்து எழுதாத எதையும் அவர் நம்பமாட்டார். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த ஒரு பிக்கப் வண்டியைக் கம்பெனிக்கு வாங்கியிருந்தார். பாலைவனத்தில் கியர் பெட்டி சூடேறி வண்டிகள் நடுவழியில் நின்றதைப் பார்த்தவராதலால், அந்த வண்டியின் கியர் பெட்டியில் சூடு அளக்கும் குமிழ் ஒன்றைத் தானே பொருத்தி, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, டிரைவருக்கு எதிரே ஒரு மீட்டரில் சேர்த்திருந்தார். மீட்டரில் ஒரு முள், ஒரு சிவப்புக் கோடு. முள் கோட்டைத் தொட்டால் வண்டியை நிறுத்த வேண்டும். டிரைவர் ஒவ்வொரு நடைக்கும் முள் எங்கே நின்றது என்று எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மீட்டரிலும் கம்பியிலும் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. இதை எல்லோருக்கும் தமிழில் அறிவித்தது நான்தான்.

மாசி பிறந்து உப்பு வார ஆரம்பித்ததும் முள் ஏற ஆரம்பித்தது. உப்பளத்திலிருந்து ஈர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் கிடங்குக்குப் போகிற வழியிலேயே சிவப்புக் கோட்டைத் தாண்டும். கிடங்கில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது மெல்ல இறங்கும். துரை எழுதி வைத்ததையெல்லாம் பார்த்தார். பாரம் ஏறினால் சூடு ஏறுகிறது என்றால் பெட்டியில் எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம் என்றார். கியர் எண்ணெய்க்கு அப்போது ஏகக் கிராக்கி. யாரோ வடித்து வெளியே கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் அவர் மனசில் விழுந்துவிட்டது. என்னிடம் சொல்லவும் செய்தார். ஷெட்டில் இருந்தது மேஸ்திரி ஒருவர்தான். அதனால் யார் என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மேஸ்திரி அந்த வாரம் முழுவதும் பிக்கப்பில் கூடவே போனார். முள் கோட்டைத் தொட்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, அடியில் படுத்து நகர்ந்து போய் பெட்டிமேல் கை வைப்பார். ஜெபம் முடிகிறவரை கை தாங்கும். முள்ளோ மேலே நிற்கும். கைக்கும் முள்ளுக்கும் இப்படி ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, துரை பங்களாவில் சுவர் வைக்கச் செங்கல் கொண்டுபோகும்படி ஆயிற்று. வண்டி முனகுகிற அளவுக்குச் செங்கல். அன்றைக்கு முள் அசையவே இல்லை.

மறுநாள் மேஸ்திரி என் மேசைக்கு வந்தார். அன்று அவர் எதையும் தொடவில்லை, அவ்வளவு அவசரம்.

“ரைட்டர் சார், தொர கைல ஒரு வார்த்த சொல்லணும். செங்கல் ஏத்தினா முள்ளு கம்முனு கீது. உப்பு ஏத்தினா துள்ளுது. கனத்துக்கு சூடு ஏறுதுன்னா செங்கல்லுக்குத்தான ஏறணும்?”

“அப்போ என்னங்கீங்க?”

“மூட்டைலேந்து தண்ணி சொட்டிகினே வருது. பலகை சந்து வயியா நேரா அந்தக் கம்பி நுனில வியுது. உப்புத் தண்ணி. கம்பி உள்ள போற எடமே வெள்ளையா பூத்துகினு கீது. கரண்டு அது மேலயே குறுக்கால ஓடி பாடில எறங்குது. அதான் முள்ளு ஏமாந்து மேல போவுது. பொட்டிக்கு ஜொரம் இல்ல சார், முள்ளுக்குத்தான் ஜொரம்.”

“எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்லுதீங்க?”

“கை வெச்சேனே சார். ஒவ்வொரு வாட்டியும் முய்சா தாங்குது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கம்பில மட்டும் கை வெக்கக் கூடாதுன்னு தொர ஆர்டரு. அவரு சரின்னா நுனிய தொடச்சு காட்டிடறேன். ரெண்டு நிமிசம் வேல. கேட்டு சொல்லுங்க.”

சொல்லுகிறேன் என்றேன். துரையின் அறைக்கும் போனேன். வாசலில் நின்று வாக்கியத்தை மனசுக்குள் இங்கிலீஷில் கட்டிப் பார்த்தேன். ‘மீட்டர் பொய் சொல்கிறது என்று ஃபிட்டர் நினைக்கிறார்.’ எப்படித் தெரியும் என்று துரை கேட்பார். கையை வைத்துக்கொண்டு மாதா ஜெபம் ஒன்று சொன்னார், முழுசும் தாங்கியது என்று நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது துரையின் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் மேஸ்திரியைப் பார்த்துச் சிரிக்கமாட்டார், அதைக் கொண்டுவந்து சொல்கிற என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார். உள்ளே போய், ‘ஃபிட்டர் கவனித்துக்கொண்டிருக்கிறார், சார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். செங்கல் விஷயத்தை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அதற்கு ஜெபம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதத்தான் ஆசை.

மேஸ்திரி இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது ஃபைலைப் பார்த்தேன். சனிக்கிழமை அவர் தன்னால் ஆனதைச் செய்தார். கியர் பெட்டியின் மூடியைத் திருகி எடுத்து, ஒரு கப் எண்ணெயை வெளியே எடுத்து, வெள்ளை எனாமல் தட்டில் ஊற்றி விரலால் தேய்த்துப் பார்த்திருக்கிறார். பெட்டி உண்மையாகவே சூடாகித் தேய்ந்தால் எண்ணெயில் இரும்புத்தூள் வரும். வரவில்லை. வெளியே எடுத்த எண்ணெயில் மணல் விழுந்திருக்கும், பெட்டியில் திரும்ப ஊற்றக்கூடாது என்று அதைத் தட்டிலிருந்து கப்பில் வடித்து வைத்துவிட்டு, புதிதாக ஒரு கப் எண்ணெய் கேட்டு என்னிடம் வந்தார். ஸ்டோர் சாவி என்னிடம்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பூட்டிவிட்டேன், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் துரை நேராக ஷெட்டுக்குப் போய், மூடியைத் தானே திறந்து விரலை விட்டுப் பார்த்தார். எண்ணெய் இருக்க வேண்டிய மட்டத்துக்குக் கீழே இருந்தது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஸ்திரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எதிரே நின்றார். இங்கிலீஷில் திருட்டைத் திருட்டு என்று சொல்லாமல் நாசூக்காகச் சொல்ல ஒரு வழக்கு உண்டு. இந்த எண்ணெயை எடுத்துத் தனக்குத்தானே உபகாரம் செய்துகொண்டது யார் என்கிற மாதிரி. துரை அதைத்தான் சொன்னார். கேள் என்றார்.

அந்த நாசூக்குக்குச் சரியான தமிழ் எனக்குச் சட்டென்று கிடைத்தது. கிடைத்த சந்தோஷம்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது. கல்லாவில் கை வைத்தான், உண்டியலில் கை வைத்தான் என்று சொல்கிறோமே, அந்தக் கை.

“மேஸ்திரி, இந்த ஆயில்ல யார் கை வச்சது?” என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி துரை வாயிலிருந்தே வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். “நான்தான் சார்” என்றார். “பொட்டில தெனம் கை வெக்கறேன். ஆயில்ல சனிக்கெயம வெச்சேன். தொர கைல சொல்லுங்க.”

சொன்னேன். தான்தான் என்கிறார், தினமும் செய்கிறாராம், சனிக்கிழமையும் செய்தாராம் என்று துரையிடம் சொன்னேன். சனிக்கிழமை அவர் எண்ணெய் கேட்டு வந்தது அந்தச் சமயத்தில் நினைவுக்கு வந்தது. ஓஹோ, எடுத்ததை நிரப்பத்தான் கேட்டிருக்கிறார் என்று எனக்கு நானே நீதிபதி மாதிரி தலையாட்டிக்கொண்டேன். அவர் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நின்றது மட்டும் இடித்தது. திருடினேன் என்று சொல்கிறவன் அப்படிச் சிரிப்பானா என்று ஒரு விநாடி யோசித்திருந்தால் போதும்.

துரை ஐந்தாறு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி நடந்தார்.

“இன்னா சார் சொல்றாரு?”

“இனிமே வேலைக்கு வரவேண்டாம்ங்கார்.”

“இன்னாத்துக்கு?”

“ஆயில் குறையுதுல்லா.”

“கொறையல சார். அது அந்தக் கப்புல கீதே” என்று கையைக் காட்டினார். பட்டறை மேசைக்கு மேல் பலகையில், பழைய பேப்பரால் மூடிய எனாமல் கப். பேப்பரை எடுத்துப் பார்த்தேன். விளிம்புவரை எண்ணெய்.

நான் எந்த வார்த்தையை எந்த அர்த்தத்தில் கேட்டேன், அவர் எந்த அர்த்தத்தில் பதில் சொன்னார் என்பது அந்தக் கப்பைப் பார்த்தபோதுதான் விளங்கியது. துரை ஷெட் வாசலைத் தாண்டியிருக்கவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நான் கூப்பிடவில்லை. நான் மொழிபெயர்த்தது பிழை என்று துரை முன்னால் நானே ஒப்புக்கொள்வதா என்று நினைத்தேன். அது பயம்கூட இல்லை, வெறும் ஜம்பம்.

“நான் துரைகிட்டப் பேசுதேன் மேஸ்திரி” என்றேன்.

“பேசுங்க சார். கேக்காம நட்டை கய்ட்டினது தப்புதான். அதான் கோவம். நீங்க சொன்னா கேப்பாரு.” ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பத்து மணி ரயிலுக்கு நடந்தார். ஆறு வருஷம் வேலை பார்த்த இடம்.

மத்தியானம் துரையிடம் போனேன். சுலபமானதிலிருந்து ஆரம்பித்தேன். உப்புத் தண்ணீர், கம்பி நுனி, செங்கல். ஜெபம் இல்லாமலேயே எல்லாம் எவ்வளவு அழகாகச் சொல்ல முடிந்தது என்பது எனக்கே ஆச்சரியம். துரை உடனே எழுந்து ஷெட்டுக்கு வந்தார். உப்பு ஏற்றி வந்து நின்ற பிக்கப்பின் அடியில் அவரே படுத்து, பூத்திருந்த நுனியைத் துணியால் துடைத்தார். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான், முள் தொப்பென்று கீழே விழுவதைப் பார்த்தேன். துரை முழங்கையெல்லாம் மண்ணாக எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீயா கண்டுபிடித்தாய் என்று கேட்டார். நான் சிரித்தேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

இனிமேல் கூலியாட்களோடு பேசும்போதெல்லாம் நீதான் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். தன் அறையிலேயே எனக்கு மேசை போடச் சொன்னார். பிறகு, “பாவம், அந்த ஃபிட்டர் நல்ல வேலைக்காரன். மீட்டர் தப்பாக இருந்தாலும் எண்ணெய் குறைந்தது குறைந்ததுதானே. ஆனாலும் கேட்டவுடன் ஆண்மையோடு ஒப்புக்கொண்டான், அதை நான் மதிக்கிறேன்” என்கிற பொருளில் சொன்னார். கப் எங்களுக்குப் பின்னால் பலகையில் இருந்தது. திரும்பிக் காட்டினால் போதும். “ஆமாம், சார்” என்றேன்.

மறுநாள் அந்தக் கப்பை எடுத்துப்போய் ஷெட்டுக்குப் பின்னால் மணலில் கொட்டினேன். யாரும் பார்க்கவில்லை. கப்பைக் கழுவி இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மேஸ்திரி மாமாவின் கடைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ராயபுரத்தில் கப்பல் இஞ்சின்களைப் பழுது பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆள் எடுக்கிறார்களாம். இங்கிலீஷில் மனு வேண்டும். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் நான் ஒருவன்தான். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினேன். அவர் வழக்கம்போல அரிசி மூட்டையில் கை வைத்து, “இது ஈரம் கோத்துகினு கீது, வெயில்ல போடச் சொல்லுங்க” என்று மாமாவிடம் சொன்னார். மாமாவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

“முன்ன வேலை பாத்த எடம்னு நம்ப கம்பெனி பேர போடுங்க சார்.”

“அது வேண்டாமே மேஸ்திரி.”

“எதுக்கு? ஆறு வருசம் பாத்துகீறேன். கேக்காம ஒரு நட்டை கய்ட்டினேன், அவ்ளோதான. நான் இன்னா திருடினேனா, மறைக்கறதுக்கு?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். திருடினதாகத்தான் கம்பெனிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது, எழுதினது நான் என்று. மாமா தராசுக்குப் பக்கத்தில் நின்றார், கடையில் ஆட்கள் இருந்தார்கள். அது ஒரு சாக்கு. கம்பெனி பெயரை எழுதினேன். அவர் கீழே பெருவிரல் ரேகை வைத்தார். மூன்று பெண்பிள்ளைகள் என்றும், மூத்தவளைக் கன்னிமார் மடத்துப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருக்கிறது, இந்த வேலை கிடைத்தால் திரும்பச் சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார். அதையும் மனுவில் எழுதலாமா என்று கேட்டார். அதெல்லாம் எழுதக்கூடாது என்றேன்.

பத்து நாளில் அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. இன்னாரை உங்களுக்குத் தெரியுமா, வேலையை விட்டதற்குக் காரணம் என்ன என்று விசாரித்திருந்தார்கள். துரை நேர்மையாளர் என்று சொன்னேனே. திறமைசாலி, ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்று முதலில் சொல்லச் சொன்னார். அப்புறம், கம்பெனியின் கியர் எண்ணெயை எடுத்ததைத் தானே ஒப்புக்கொண்டதால் நீக்கப்பட்டார் என்றார். நான் டைப் அடித்தேன். துரையின் அறையில், எனக்காகப் போட்ட புது மேசையில் உட்கார்ந்துகொண்டு அடித்தேன். பிழை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுக்கும் நேரத்திலாவது புத்தி வந்திருக்குமோ என்னவோ.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு மேஸ்திரி மாமா வீட்டுக்கு வந்தார். கையில் ஓலைக்கூடை. உள்ளே ஏதோ சரசரவென்று ஊர்ந்தது.

“ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்க, ஒங்க கம்பெனிக்கு எய்தி கேட்டுகீறோம்னு. கடுதாசி வந்துதா சார்?”

“வந்துச்சு.”

“பதில் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“நீங்கதான் அடிச்சீங்களா?”

“நான்தான்.”

அவர் மூச்சை விட்டார். “அப்ப பேஜாரு இல்ல. வூட்ல அவ ரெண்டு நாளா தூங்கல, தொர கோவத்துல எதுனா எய்திப்புடுவாரோன்னு. நான் சொன்னேன், ரைட்டர் கீறாரு, அவரு பாத்துப்பாருன்னு.” கூடையை என் கையில் கொடுத்தார். “முகத்துவாரக்குப்பத்துல மச்சான் புட்ச்சது. கயிநண்டு. நல்லா சதப்பத்தா கீது. நீங்க எனக்காக தொர கைல பேசினீங்க, இப்ப இதையும் செஞ்சீங்க. என்னால ஆனது இது.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். வாங்கிக்கொண்டேன். அவர் தெருக்கோடி திரும்புகிறவரை வாசலில் நின்றேன். வேலை கிடைத்ததா என்று பிறகு ஒருநாளும் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது, எனக்குத்தான் பதில் தெரியுமே. ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கவேண்டி வந்த நாட்களில்கூட அதற்கு முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்தேன்.

மாமி கூடையைத் திறந்து பார்த்து, “யாருலே இவ்வளவு நண்டு குடுத்தது?” என்றாள்.

“ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவர்.”

“ஒன்மேல ரொம்பப் பிரியம் போலிருக்கு” என்றாள்.

மத்தியானம் குழம்பு வைத்தாள். மிளகு தூக்கலாக, நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.